ஆறிய பிறகு வரும் காந்தம்

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நட்சத்திரத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் கிடையாது. தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழகிப்போன வேலை. ரயிலில் என் காலை மிதித்தவர்களிடம்கூட நான்தான் சாரி சொல்லியிருக்கிறேன். அதனால் இந்த மன்னிப்பையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீடு நெமிலிச்சேரியில். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிகளுக்கு ஷாஃப்ட் செய்கிற ஒரு கம்பெனியில். கம்பெனி ஆள் என்று சொல்லக் கூடாது, காண்ட்ராக்ட் ஆள். ஆனால் வருடக்கணக்காக ஒரே அறையில்தான் இருந்தேன். கிராக் டெஸ்ட் அறை. எல்லோரும் இருட்டறை என்பார்கள். நாலு பக்கமும் கறுப்புத் திரை. உள்ளே ஊதா வெளிச்சம் தரும் ஒரு விளக்கு மட்டும் எரியும்.

அங்கே என்ன வேலை என்றால், ஒரு ஷாஃப்டை மேடையில் வைத்து இரண்டு முனையையும் பிடித்து உள்ளே கரண்ட் விடுவேன். ஷாஃப்ட் முழுக்கக் காந்தமாகிவிடும். இரும்புத்தூள் கலந்த எண்ணெயை மேலே ஊற்றுவேன். எங்காவது விரிசல் இருந்தால் தூள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஊதா விளக்கில் அந்த இடம் மட்டும் பச்சையாக, முடி அளவுக்கு ஒரு கோடாக ஒளிரும். கோடு தெரிந்தால் அந்த ஷாஃப்ட் கழிவு. தெரியாவிட்டால் நல்லது. பிறகு ஏற்றிய காந்தத்தை இறக்க வேண்டும். இதற்கு டீமேக் என்று பெயர். கரண்ட் ஓடும் ஒரு வளையத்துக்குள் ஷாஃப்டை விட்டு, மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே போவேன். அவசரப்பட்டால் காந்தம் தங்கிவிடும். தங்கினால் பின்னால் அது பொருத்தப்படும் இடத்தில் இரும்புத்தூளை எல்லாம் இழுத்து வைத்துக்கொண்டு பேரிங்கைத் தின்றுவிடும். அதனால் கடைசியில் மீட்டர் வைத்து முள் அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் ஷாஃப்ட் வெளியே போகும்.

அந்த அறையை எனக்கு ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு ஆட்கள் முன்னால் நிற்க வராது. யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் கை எங்கே இருக்க வேண்டும் என்பது மறந்துபோகும். இருட்டறையில் யாரும் என்னைப் பார்க்க முடியாது. திரையைத் தூக்கி உள்ளே வருகிறவர்களுக்குக் கண் பழகவே கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் நான் அவர்களை நன்றாகப் பார்த்திருப்பேன். வாழ்க்கையில் எனக்கு அந்த ஒரு வசதிதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வாய் ஓயாத மனிதர். மகள் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். எங்கள் இரண்டு பேரின் பெற்றோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. மகள் மட்டும் எப்படியோ வானத்துக்குப் போய்விட்டாள்.

அவளை ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அறிவியல் சொல்லும் கூட்டம். தமிழில் பேச வேண்டும். வெண்குறுமீன்களுக்குக் காந்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு. கல்லூரியில் அவள் செய்கிற ப்ராஜெக்ட்டும் அதுதான். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் சமையலறை வாசலில் நின்று எங்களிடம் பேசிப் பார்த்தாள்.

“ஒரு நட்சத்திரம் செத்துப்போனா என்ன ஆகும்?” என்று ஆரம்பித்தாள்.

“பதினாறாம் நாள் காரியம் பண்ணுவாங்க” என்றார் வீட்டுக்காரர், சாப்பிட்டுக்கொண்டே.

“நைனா, கேளு நைனா. நம்ம சூரியன் மாதிரி நட்சத்திரம் எரிபொருள் எல்லாம் தீர்ந்ததும் வீங்கும். மேல இருக்கிறத எல்லாம் உதறிடும். நடுவுல இருக்கிற கரு மட்டும் சுருங்கி, பூமி அளவுக்கு ஆயிடும். ஆனா எடை கிட்டத்தட்ட சூரியன் எடை. அதுக்கப்புறம் அது எரியாது. சும்மா ஆறிக்கிட்டே இருக்கும். புத்தகத்துல வெள்ளைக் குள்ளன்னு போட்டிருக்கும். நான் வெண்குறுமீன்னு சொல்லப் போறேன்.”

“ஆமா, குள்ளன்னு சொல்லாத. நம்மள மாதிரி நாலு பேரு வந்து குந்திகினு இருப்பான். மனசு கஷ்டப்படும்.”

வீட்டுக்காரர் என் தோள் உயரம்தான். அவரே தன்னைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார். மகளும் சிரித்தாள். நான் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெண்குறுமீன்கள் எல்லாவற்றுக்கும் காந்தம் கிடையாதாம். சிலவற்றுக்குத்தான் இருக்கிறது. இருப்பவற்றில் சில பூமியின் காந்தத்தைப்போலக் கோடி மடங்குக்கும் மேல் பலமானவை. அவ்வளவு தூரத்தில் இருப்பதற்கு எப்படி மீட்டர் வைத்துப் பார்த்தார்கள் என்று நான் கேட்டேன். நட்சத்திரத்தின் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும் என்றும், காந்தம் இருந்தால் ஒரு கோடு மூன்றாகப் பிளந்து தெரியும் என்றும் சொன்னாள். அது எனக்குச் சட்டென்று புரிந்தது. நானும் நாள் முழுக்கக் கோடு பார்க்கிறவள்தானே.

“சரி, காந்தம் எங்கேர்ந்து வந்துச்சு? மூணு காரணம் சொல்றாங்க. முதல் காரணம், அந்த நட்சத்திரம் உயிரோட இருந்தப்பவே கொஞ்சம் காந்தம் இருந்திருக்கும். சுருங்கினதும் அதுவும் சேர்ந்து நெருங்கி பலமாயிடுச்சு.”

“அதாவது பொறந்த பலன்” என்றார் அவர்.

“ரெண்டாவது, பக்கத்துல இருக்கிற இன்னொரு நட்சத்திரத்தால வர்றது. ஒண்ணு வீங்கி இன்னொண்ண முழுங்கிடும். இல்ல ரெண்டும் சேர்ந்து ஒண்ணாயிடும். அப்ப உள்ள ஒரே சுழட்டல். அந்தச் சுழட்டல்ல காந்தம் உண்டாகும்.”

“உங்கம்மாவ நா கட்டிகினு வந்த கதை.”

“இதுல யாரு யார முழுங்கினது நைனா?”

“அத உங்கம்மாவக் கேளு. அது எங்க வாயத் தொறக்குது.”

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். இந்த மாதிரிப் பேச்சில் எனக்கு எப்போதும் பங்கு உண்டு. பேசாமல் இருக்கிற பங்கு.

மூன்றாவது காரணத்துக்குத்தான் மகள் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அதைச் சொல்ல நல்ல உதாரணம் கிடைக்காமல் இரண்டு நாள் திண்டாடினாள். கடைசியில் நெய் பாட்டிலை எடுத்து வந்தாள். மார்கழிக் குளிரில் நெய் பாதி உறைந்திருந்தது.

“இதப் பாருங்க. ஆற ஆற நெய் மணல் மணலா உறையுது. உறைஞ்சது கீழ போய்ப் படியுது. உறையாதது மேல நிக்குது. வெண்குறுமீன் உள்ளயும் இதேதான். ரொம்ப காலம் ஆறினதுக்கு அப்புறம் நடுவுல உறைய ஆரம்பிக்கும். கனமான ஆக்சிஜன் உறைஞ்சு நடுவுல தங்கும். லேசான கார்பன் மேல கிளம்பும். அந்தக் கலக்கம் இருக்கே, அதுதான் உள்ள கரண்ட் ஓட வெச்சு காந்தத்த உண்டாக்குது. பூமிக்குக் காந்தம் வர்றதும் கிட்டத்தட்ட இப்படித்தான்.”

“அது வெளிய தெரிய எவ்ளோ நாள் ஆவும்?” என்று கேட்டேன்.

“நாளா? கோடி கோடி வருஷம்மா. உள்ள வந்ததுக்கும் வெளிய தெரியறதுக்கும் நடுவுல அவ்ளோ இடைவெளி. அதனாலதான் புதுசா சூடா இருக்கிற வெண்குறுமீன்ல காந்தம் அபூர்வம். வயசாகி ஆறிப்போனதுலதான் நிறைய பாக்கறாங்க.”

“இந்த மூணுல எது சரி?”

“இன்னும் முடிவாகல. உறைய ஆரம்பிக்காத சிலதுலயும் காந்தம் இருக்கு. அதனால ஒரே காரணம் எல்லாத்துக்கும் பத்தாது.”

அன்று படுத்த பிறகும் அந்த மூன்றாவது காரணம் என்னை விடவில்லை. உறவுக்காரர்கள் சமீபகாலமாக என்னைப் பற்றி ஒன்று சொல்கிறார்கள். முன்னெல்லாம் வாயில்லாப் பூச்சியாக இருந்தாள், இப்போது ஒரு வார்த்தை சொன்னாலும் கசக்கிறது என்கிறார்கள். எங்கிருந்து வந்தது இந்தக் கசப்பு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பிறவிக்குணம் என்பாள் நாத்தனார். புருஷன் சகவாசம் என்பாள் என் அக்கா. அது எல்லாம் ஆறிப்போன பிறகு, உள்ளே இறுக ஆரம்பித்த பிறகு, தானாக வந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. யார்மேலும் பழி போடாத காரணம் அது ஒன்றுதான். அதனால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் என் கேடு.

அந்த வாரம்தான் கம்பெனியில் பிரச்சினை வந்தது. நாங்கள் அனுப்பிய ஷாஃப்ட்கள் ஒரு லோடு அப்படியே திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்தபோது நானும் பார்த்தேன். ஒவ்வொன்றின் முனையிலும் இரும்புத்தூள் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. காந்தம் இறங்காமல் அனுப்பிவிட்டீர்கள் என்பது வாங்கியவர்களின் புகார்.

என் மேடையை விட்டுப் போகும்போது அவற்றில் காந்தம் இல்லை. மீட்டர் முள் அசையவில்லை. அது எனக்குத் தெரியும். எங்கே காந்தம் ஏறியிருக்கும் என்பதும் எனக்கு மட்டுமில்லை, அந்த ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் லோடு ஏற்றுகிற இடத்தில் ஒரு புது மேக்னெட் வாங்கி மாட்டினார்கள். முன்பெல்லாம் பெல்ட் கட்டித் தூக்குவார்கள். இப்போது கிரேனில் தொங்குகிற அந்தக் காந்தம் நாலைந்து ஷாஃப்டை ஒன்றாகக் கவ்விக்கொண்டு போய்ப் பெட்டியில் வைக்கும். அதை வாங்கியவர் எங்கள் குவாலிட்டி மேனேஜர். பூஜை அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அதற்கு அப்புறம்தான் இந்த லோடு போனது.

எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. மேலே இருப்பவர் கொண்டுவந்த பொருளைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அது ஓடாவிட்டால், ‘கரண்ட் சரியில்ல’ என்பார்கள். உடைந்தால், ‘ஆளுக்குப் பழக்கம் பத்தல’ என்பார்கள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எல்லோருக்கும் பிடிபட்டுவிடும்.

வெள்ளிக்கிழமை காலை சூப்பர்வைசர் இருட்டறைக்கு வந்தான். பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“அக்கா, வாங்கின கம்பெனிலேர்ந்து ஆள் வந்துகீறாரு. மீட்டிங் கீது. உன்னையும் கூப்புடுறாங்க.”

“நான் எதுக்குப்பா? எனக்குப் பேச வராது.”

“டீமேக் பண்ணது நீதான? உன் டேபிள்ல தப்புன்னு முடிவாச்சுன்னா இந்த ரூம் உனக்குக் கெடையாது, சொல்லிட்டேன். அவங்களுக்கு ஆள மாத்தினோம்னு காட்டணும்.”

“என் மேல தப்பு இல்லன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்க்கா. ஆனா அந்த மேக்னெட் பேச்ச மட்டும் எடுத்துடாத. உனுக்கும் நல்லதில்ல, எனுக்கும் நல்லதில்ல.”

இதுதான் என் நிலைமை. அறை போகக் கூடாது. மேக்னெட் பேரையும் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் நடுவே நான் என்ன சொல்வது? மீட்டிங் அறைக்கு நடந்துபோன அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது மகளின் மூன்றாவது காரணம். யாரையும் கை காட்டாமல் தப்பிக்க அதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்தேன்.

மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மரியாதையாகத்தான் பேசுவார். வந்திருந்த என்ஜினியர் சின்ன வயசுப் பையன், போர்டில் ஐந்து கட்டம் போட்டு வைத்திருந்தான். ஒவ்வொரு கட்டத்திலும் ‘ஏன்’ என்று எழுதியிருந்தது. இந்த மாதிரிப் புகார் வந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டுமாம். ஐந்தாவது ஏனில் உண்மையான காரணம் அகப்பட்டுவிடும் என்பது அவர்கள் முறை. முதல் கட்டம் நிரம்பியிருந்தது. தூள் ஏன் ஒட்டியது? காந்தம் இருந்தது. இரண்டாவது கட்டத்துக்கு என்னைப் பார்த்தார்கள். காந்தம் ஏன் இருந்தது?

“சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க. உங்க டேபிள்ல என்ன நடந்துச்சுங்க?” என்றார் மேனேஜர்.

“என்கிட்டேர்ந்து போறப்ப காந்தம் இல்லீங்க சார். முள்ளு அசையல.”

“அப்புறம் எப்படிங்க வந்துச்சு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் ட்யூப்லைட் அதிகம். என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

“சார், வானத்துல வெண்குறுமீன்னு ஒண்ணு இருக்குதுங்க.”

யாரோ சிரித்தார்கள். நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வாழ்நாளில் பேசாதவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்தும் இடம் தெரியாது. நட்சத்திரம் ஆறுவதையும், ஆறிய பிறகு உள்ளே உறைவதையும், நெய்யையும்கூடச் சொன்னேன். முதலில் பார்த்தால் காந்தம் இருக்காது, உள்ளே இருப்பது வெளியே வர நாள் ஆகும், அதற்கு யாரும் காரணம் இல்லை என்று முடித்தேன்.

“அக்கா, நம்ம ஷாஃப்ட்டு எந்த ராசி?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். வந்திருந்த என்ஜினியர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டான். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்தார்.

“இல்லைங்க, அவங்க ஒரு பாயின்ட் சொல்றாங்க” என்றார். “அப்ப காந்தம் உள்ள இருந்திருக்குது. மேலாப்புல மட்டும் இறங்கியிருக்குது. அதனால மீட்டர்ல தெரியல. போன பிறகு வெளிய வந்துருச்சு. அப்படித்தானுங்களேம்மா?”

நான் சொன்னது அதில்லை. ஆனால் மேனேஜர் அப்படித்தானே என்று கேட்டால் தலையாட்டுவது கழுத்துக்குப் பழகிவிட்ட விஷயம். தலை ஆடிவிட்டது.

அதற்குப் பிறகு கட்டங்கள் வேகமாக நிரம்பின. காந்தம் ஏன் உள்ளே தங்கியது? டீமேக் முழுமையாகவில்லை. ஏன் முழுமையாகவில்லை? இழுத்த வேகம் சரியில்லை. ஏன் சரியில்லை? ஆளுக்குப் பயிற்சி போதவில்லை. டீ வருவதற்குள் ஐந்து ஏனும் முடிந்துவிட்டன. அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரே ஒரு ஏனை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கம்பெனிக்கு வந்தால் அவர்களுக்கும் சீக்கிரம் வேலை முடியும்.

“திங்கக்கெழம சொல்லுவாங்கக்கா. இன்னும் முடிவாவல” என்றான் சூப்பர்வைசர் வெளியே வந்ததும். சாயங்காலம் பஞ்ச் அடிக்க நின்றபோது லோடிங் பையன்கள் என்னை நட்சத்திரக்கா என்று கூப்பிட்டார்கள். எனக்குக் காது கேட்காத மாதிரி வந்து ரயில் ஏறினேன்.

வீட்டில் சொன்னபோது மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அம்மா, அது வேற இது வேறம்மா. அங்க உள்ள இருக்கிறது கொதிச்சு ஓடுற குழம்பு. அது ஓடறதால கரண்ட் வருது, கரண்ட்டால காந்தம் வருது. உன் ஷாஃப்ட் கெட்டி இரும்பு. அதுக்குள்ள எது ஓடப் போகுது? டீமேக் பண்ண இரும்பு சும்மா வெச்சிருந்தா தானா காந்தமாகாது.”

“எனக்கென்ன தெரியும். நீ சொன்னதுதான்.”

“நான் மூணு சொன்னேன்ல. அதுல ஏன் மூணாவதப் போய் எடுத்த? உன் கதையில ரெண்டாவதுதானே பொருந்தும்? பக்கத்துல இன்னொரு பெரிய காந்தம் வந்து ஒட்டிச்சு, அதுகிட்டேர்ந்து வந்துச்சு. அதச் சொல்ல உனக்கு நட்சத்திரமே தேவையில்லையே.”

“அத எப்படிச் சொல்றது. மேனேஜர் வாங்கினது.”

“இன்னாமே நீ” என்றார் வீட்டுக்காரர். “ஆட்டோல நாலு ரூவா சில்லறைக்குக் கண்டவன் எல்லாம் என்ன அடிக்க வர்றான். நா ஓடிக்கினா கீறேன்? நேரா சொல்லிட்டு வர்றத வுட்டுட்டு வானத்துக்குப் போயி சுத்திகினு வந்துகீற.”

மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “திங்கக்கிழமை போனதும் ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. மேக்னெட் தூக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி, தூக்கின பின்னாடி ஒருவாட்டி மீட்டர் வெச்சுப் பாருங்கன்னு. யாரையும் குறை சொல்ல வேணாம். பாருங்கன்னு மட்டும் சொல்லு. அவங்களே பாத்துப்பாங்க. சொல்லுவியா?”

சொல்கிறேன் என்றேன். சொல்ல முடியும் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை முழுவதும் பாத்திரம் தேய்க்கும்போதும் துணி அலசும்போதும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ‘சார், தூக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி, பின்னாடி ஒருவாட்டி.’ நன்றாகத்தான் வந்தது. என் மகள் பேச்சுக்குப் பயிற்சி எடுத்த அதே சமையலறையில் நானும் எடுத்தேன். அவளுக்கு நாங்கள் இரண்டு பேர் கேட்க இருந்தோம். எனக்குக் குழாய்த் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை ஆவடிப் பள்ளிக்கூடத்து ஹாலில் நல்ல கூட்டம். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளோடு வந்தவர்கள் முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரருக்குச் சவாரி இருந்தது, வரவில்லை. நான் கடைசி வரிசையில், தூண் ஓரமாக இருந்தேன். மகள் என் பழைய பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். மேடையில் அவளுக்குக் கை எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

நன்றாகப் பேசினாள். மூன்று காரணங்களையும் சொன்னாள். நெய் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, எது சரியான விடை என்று கேட்டாள். “தெரியாது. யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியாது. அதுதான் இதுல அழகு” என்றாள் மகள். கை தட்டினார்கள். தெரியாது என்று சொன்னதற்குக் கைதட்டு கிடைப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இடமும் ஆளும் மாறினால் ஒரே வார்த்தைக்கு இவ்வளவு விலை மாறும்.

அதோடு முடித்திருக்கலாம். யாரோ ஒரு அப்பா எழுந்து, அப்படியானால் நம் வீட்டு இரும்புச் சாமானும் நாளாக ஆகக் காந்தமாகிவிடுமா என்று கேட்டார். மகள் சிரித்தாள்.

“நல்ல கேள்வி சார். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இதேதான் நினைச்சாங்க. அவங்க கம்பெனில இரும்பு காந்தமாயிடுச்சு. வெண்குறுமீன் மாதிரி உள்ளேர்ந்து தானா வந்துடுச்சுன்னு மீட்டிங்ல எழுந்து சொல்லிட்டாங்க. அவங்க மேனேஜர் என்ன நினைச்சிருப்பாரு பாருங்க.”

ஹால் முழுக்கச் சிரித்தது. நல்ல சிரிப்பு, கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். மகள் பேர் சொல்லவில்லை. அவள் கண் என் பக்கம் வரவும் இல்லை. அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு நல்ல உதாரணம் தேவைப்பட்டது, கையில் இருந்ததை எடுத்துக்கொண்டாள். நெய் பாட்டிலை எடுத்த மாதிரிதான். பிறகு கெட்டி இரும்பு ஏன் தானாகக் காந்தமாகாது என்று எனக்குச் சொன்னதைவிட அழகாக அவர்களுக்கு விளக்கினாள். கேட்டவர் புரிந்துகொண்டு தலையாட்டி உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது, “எப்படிம்மா பேசினேன்?” என்று கேட்டாள்.

“நல்லாப் பேசின” என்றேன்.

“அந்த ஜோக் நல்லா எடுபட்டுச்சுல்ல? யாருன்னு சொல்லலம்மா. நீ தப்பா எடுத்துக்கலயே?”

“இல்ல.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் போனில் வந்த பாராட்டுகளைப் படிக்க ஆரம்பித்தாள். ரயில் இந்துக் கல்லூரி ஸ்டேஷனைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ‘சார், தூக்கறதுக்கு முன்னாடி.’ அதற்கு மேல் வரவில்லை. அந்த ஹால் சிரிப்பு வந்து குறுக்கே நின்றது. இனி நான் எதைச் சொன்னாலும் அதற்கு முன்னால் அந்தச் சிரிப்புத்தான் கேட்கும் என்று தெரிந்துவிட்டது. மறுபடியும் முயற்சி செய்யவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கமான ரயிலில் போனேன். இருட்டறையில் வேறு ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பேக்கிங்குக்குப் போகச் சொன்னார் மேனேஜர். சரிங்க சார் என்றேன். சாயங்காலம் வரை அட்டைப்பெட்டி மடித்தேன்.